சென்னையிலிருந்து மியூனிக்குக்கு நாயும் பூனையும்: முதல் வேலை மைக்ரோசிப்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஐந்து மாதங்களில் மியூனிக் நகரில் வேலைக்குச் சேர வேண்டும். வீட்டில் ஆறு வயதுச் சிப்பிப்பாறை நாய் ஒன்றும், நான்கு வயது நாட்டுப் பூனை ஒன்றும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள், ஆனால் அடையாள எண்ணைத் தாங்கித் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பைப் பொருத்தவில்லை. திருநெல்வேலியிலுள்ள பெற்றோரிடம் விட்டுச் செல்லும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ பணிமாற்றம் வரக்கூடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வெளிநாடு செல்லும் குடும்பங்களின் பிராணிகளைப் பயணத்துக்குத் தயார்ப்படுத்தும் பணியைச் செய்துவரும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அழைத்துச் செல்ல முடியும். ஆனால் ஐந்து மாதம் என்பது உங்களுக்குத் தோன்றும் அளவுக்கு நீண்ட காலமன்று. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி நீங்கள் கடக்க வேண்டிய படிகளுக்கு மட்டுமே குறைந்தது நான்கு மாதம் பிடிக்கும், அவற்றில் எதையும் பணம் கொடுத்தோ சிபாரிசு பிடித்தோ விரைவுபடுத்த இயலாது. ஆகவே விமான டிக்கெட், கூண்டு, வீடு ஆகிய எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த வாரமே இரண்டு பிராணிகளுக்கும் மைக்ரோசிப் பொருத்துங்கள். அது தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உங்கள் பயணத் தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் வெறிநாய்க்கடி நோய் எனப்படும் ரேபிஸ். ஜெர்மனி 2008ஆம் ஆண்டு முதல் தரைவாழ் விலங்குகளில் ரேபிஸ் இல்லாத நாடாக இருக்கிறது. நரிகளுக்குத் தடுப்புமருந்து கலந்த இரையைக் காடுகளில் இட்டுப் பல ஆண்டுகள் பாடுபட்டு அந்த நிலையை எட்டினார்கள். இந்தியாவிலோ ரேபிஸ் இன்றும் தெருக்களில் நிலைகொண்டிருக்கிறது, உலகில் இந்நோயால் இறக்கும் மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நம் நாட்டவரே. இந்த நோயின் கிருமி, கடிபட்ட பிராணியின் உடலில் அறிகுறி எதுவும் காட்டாமல் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் தங்கியிருக்கக்கூடியது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் தன் பட்டியலில் இடம்பெறாத இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய், பூனைகளிடம் இரண்டை எதிர்பார்க்கிறது. தடுப்பூசி உடலில் உண்மையாகவே வேலை செய்திருக்கிறது என்பதற்கு ரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும். அந்த ரத்தம் எடுக்கும் முன்பே நோய் தொற்றியிருக்கவில்லை என்று நம்புவதற்குப் போதிய காத்திருப்புக் காலமும் வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் விதிகள் தொல்லையாகத் தோன்றா.

முறை இதுதான்: முதலில் மைக்ரோசிப், அதன் பின் ரேபிஸ் தடுப்பூசி, அதன் பின் ரத்தம். வரிசை மாறினால் எல்லாம் வீண். உங்கள் பிராணிகளுக்கு இதுவரை ஆண்டுதோறும் போட்ட ஊசிகள் அவற்றின் உடலுக்கு நன்மை செய்தவை என்பதில் ஐயமில்லை, ஆனால் சிப் இல்லாத நிலையில் போடப்பட்டவை என்பதால் ஐரோப்பிய எல்லை அதிகாரியின் கணக்கில் அவை போடப்படாதவையே. அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதை உறுதிசெய்ய அவரிடம் வழியில்லை. ஆகவே ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்துக்கு உட்பட்ட, 15 இலக்க எண் கொண்ட சிப்பைப் பொருத்தி, கையோடு ஸ்கேனரில் படித்துப் பார்த்து, அதே நாளில் ரேபிஸ் தடுப்பூசியை மீண்டும் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகே ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய முடியும். செப்டம்பர் 1ஆம் தேதி சிப்பும் ஊசியும் என்று வைத்துக்கொண்டால், அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் ரத்தம் எடுக்கக் கூடாது. அன்றே எடுத்தாலும் ஜனவரி பிறந்த பிறகுதான் பயணம்.

டைட்டர் டெஸ்ட் என்று கிளினிக்குகளில் சொல்லப்படும் இந்தப் பரிசோதனையில், ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எந்த ஆய்வகத்திலும் செய்துவிட முடியாது, ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த ஆய்வகமாக இருப்பது கட்டாயம். ரத்தத்திலிருந்து சீரம் எனப்படும் தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்து, குளிர்ப் பெட்டியில் வைத்து, ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழக ஆய்வகம் போன்ற ஓரிடத்துக்குக் கூரியரில் அனுப்புவது வழக்கம். ஆண்டுதோறும் ஊசி போட்ட பிராணிகள் பெரும்பாலும் முதல் முறையிலேயே தேறிவிடுகின்றன. வாழ்நாளில் ஒரே ஓர் ஊசி மட்டும் போட்டுக்கொண்ட இளம் பிராணிகளில் அளவு குறைந்து போவது உண்டு என்பதால், அவற்றுக்கு இடைவெளி விட்டு இரண்டு ஊசி போட்ட பிறகே ரத்தம் எடுப்பது என் வழக்கம்.

இந்தக் கட்டத்தில் நான் மிகவும் அஞ்சுவது எழுத்துப் பிழையைத்தான். தடுப்பூசிப் புத்தகம், ரத்த மாதிரியோடு செல்லும் படிவம், ஆய்வக அறிக்கை, ஏற்றுமதிச் சான்று ஆகிய நான்கிலும் அந்த 15 இலக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், அந்த அறிக்கை வேறு ஏதோ ஒரு நாயின் அறிக்கையாகக் கொள்ளப்படும். தடுப்பூசிக் குப்பியின் லேபிளை ஒட்டி, ஊசி போட்ட தேதியையும் அடுத்த ஊசிக்கான தேதியையும் மருத்துவரின் பதிவு எண்ணையும் தெளிவாக எழுதி வாங்குங்கள். சிப் பொருத்திய தேதி ஊசித் தேதிக்கு முந்தியதாகவோ அதே நாளாகவோ புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதை அங்கேயே, மேசையை விட்டு எழுவதற்கு முன்பே பாருங்கள்.

இனி, விட்டுச் செல்லலாமா என்ற கேள்வி. எல்லாப் பிராணிகளையும் எப்படியாவது அழைத்துச் செல்ல வேண்டும் என்று நான் சொல்வதில்லை. இதய நோயோ முற்றிய சிறுநீரக நோயோ உள்ள பிராணியை விமானத்தின் சரக்கறையில் ஏற்றுவது அதற்குச் செய்யும் தீங்கு. ஓராண்டுக்கு மட்டும் வெளிநாடு செல்பவர், வீட்டில் அன்போடு பார்த்துக்கொள்ளப் பெற்றோர் இருக்கும்போது, பழகிய வாசலிலேயே நாயை விட்டுச் செல்வதில் தவறில்லை. உங்கள் நிலை வேறு. நீங்கள் திரும்பி வரும் காலம் தெரியாது, ஆறு வயது நாய்க்கு இன்னும் பாதி வாழ்நாள் இருக்கிறது. சிப்பிப்பாறை இனம் பொதுவாக ஒரே ஆளோடு ஒட்டிக்கொண்டு வளரும் இயல்புடையது. முதிய பெற்றோரால் வேட்டை நாயின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கண்காணிப்பில்லாமல் தெருவில் இறங்கும் நாயின் கதி என்னவாகும் என்பதை எங்கள் மருத்துவமனை மேசையில் போதுமான அளவு பார்த்துவிட்டேன். அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் கருத்து.

விமானத்தைப் பொறுத்தவரை பூனைக்கு எளிய வழி இருக்கிறது. சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு நேரடியாகச் செல்லும் லுப்தான்சா போன்ற நிறுவனங்கள், பையோடு சேர்த்து 8 கிலோவுக்கு உட்பட்ட பூனையையும் சிறு நாயையும் பயணிகள் அறையில், முன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. ஒரு விமானத்தில் இத்தனை பிராணிகள்தான் என்ற வரம்பு உண்டு என்பதால், டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் பேசி இடத்தை எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் பையை எக்ஸ்ரே கருவியில் விடுவார்கள், பூனையை வெளியே எடுத்துக் கையில் ஏந்திக்கொண்டு நீங்கள் கடக்க வேண்டும். அறிமுகமில்லாத இரைச்சலில் துள்ளி ஓடும் பூனையை விமான நிலையத்தில் பிடிப்பது கடினம். ஆகவே உடலைச் சுற்றி அணியும் ஹார்னஸை வீட்டிலேயே பல வாரம் பழக்கி, அன்று அதை மாட்டியே கொண்டு செல்லுங்கள். தனி அறையில் சோதனை செய்யுமாறு கேட்பதும் நல்லது.

நாய் சரக்கறையில்தான் பயணிக்கும். அங்கே காற்றழுத்தமும் வெப்பநிலையும் பயணிகள் அறையைப் போலவே கட்டுப்படுத்தப்படுகின்றன, ஆகவே மூச்சுமுட்டும் என்ற அச்சம் தேவையில்லை. நீங்கள் செல்லும் அதே விமானத்தில் கூடுதல் பயணச்சுமையாகப் பதிவு செய்வது ஒரு முறை, தனிச் சரக்காகக் கார்கோவில் அனுப்புவது மற்றொரு முறை. இரண்டுக்கும் செலவில் உள்ள வேறுபாடு பெரிது. பயணச்சுமையாகச் சென்றால் கூண்டின் அளவைப் பொறுத்து ஒரு நிலையான கட்டணம் மட்டுமே. கார்கோவிலோ, கூண்டின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்து வரும் கன அளவு எடைக்குக் கட்டணம் கணக்கிடுவார்கள். 105க்கு 55க்கு 85 சென்டிமீட்டர் கூண்டு என்றால் ஏறக்குறைய 82 கிலோ. உங்கள் நாயின் உண்மையான எடை 20 கிலோ என்றாலும் 82 கிலோவுக்கே பணம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே பயணச்சுமையாக ஏற்கும் விமானத்தை முதலில் தேடுங்கள். அது கிடைக்காதபோது மட்டும் கார்கோவையும் பிராணிகளை அனுப்பிவைக்கும் முகவரையும் நாடுங்கள். எந்த முறையில் சென்றாலும், உரிமையாளரின் பயணத்துக்கும் பிராணியின் பயணத்துக்கும் இடையே ஐந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் அது வணிக நோக்கிலான இறக்குமதியாகக் கருதப்பட்டு வேறு விதிகளுக்குள் சென்றுவிடும்.

கூண்டின் அளவை ஐஏடிஏ எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகள் நிர்ணயிக்கின்றன. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரையிலான உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம் வரும். தோள்பட்டையின் அகலத்தை இரட்டித்தால் கூண்டின் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலையோ காது நுனியோ எது உயரமோ அதுவரை அளந்து, விரிப்பின் தடிமனையும் சேர்த்தால் உயரம். மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்ட சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் கடையில் விற்கும் கூண்டு பெரும்பாலும் பொருந்துவதில்லை. உயரம் போதும்படி வாங்கினால் அகலம் தேவைக்கு மேல் கூடிவிடுகிறது, கட்டணமும் கூடிவிடுகிறது. தச்சரிடம் சொல்லிச் செய்வதாக இருந்தால் பலகைக்குப் பிளைவுட்டைப் பயன்படுத்துங்கள். சட்டத்துக்கு முழு மரம் வைத்தால், பூச்சி ஒழிக்க வெப்பமூட்டியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை அதில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூண்டாக இருந்தால் மேல், கீழ்ப் பாதிகளை இணைக்கும் பிளாஸ்டிக் கொக்கிகளுக்குப் பதில் இரும்புத் திருகாணிகளைப் போடுங்கள். நான்கு பக்கமும் காற்றுத் துளைகளும், வெளியிலிருந்தே நீர் ஊற்றக்கூடிய கிண்ணமும் அவசியம்.

கூண்டைப் பயணத்துக்கு முதல் வாரம் வாங்கிவந்து நாயை உள்ளே தள்ளுபவர்கள் பலர். அந்த நாய்க்குப் பயணத்தில் மிகக் கொடிய பகுதி விமானமன்று, கூண்டேதான். சிப் பொருத்திய கையோடு வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, கூடத்தில் வையுங்கள். முதலில் உணவுக் கிண்ணம் கூண்டின் வாசலில் இருக்கட்டும், பிறகு உள்ளே, பிறகு கடைசி மூலையில். சில வாரத்தில் நாய் தானாகவே அங்கே படுத்துறங்கத் தொடங்கும். அதன் பிறகே கதவை மாட்டி, சில நிமிடங்கள், அரை மணி, ஓர் இரவு என்று கூட்டுங்கள். பூனையின் பையையும் இப்படியே வீட்டுப் பொருளாக்கிவிடுங்கள். நீங்கள் அணிந்து துவைக்காத ஒரு பருத்தித் துணியை உள்ளே விரிப்பது இரண்டுக்கும் ஆறுதல் தரும்.

தூக்க மருந்து கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனைக் கெடுக்கும். கூண்டு சாயும்போது காலூன்றி நிற்கும் சமநிலையும் போய்விடும். சிப்பிப்பாறை போன்ற கொழுப்பில்லாத வேட்டை இனங்களில் சில மயக்க மருந்துகளின் வீரியம் மற்ற நாய்களைவிட நீண்ட நேரம் நீடிக்கும் என்பதால், உங்கள் நாய்க்கு ஆபத்து இரட்டிப்பு. மயங்கிய பிராணியை ஏற்க விமான நிறுவனங்களும் மறுக்கும். புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு முன் இலேசான உணவு, கடைசி வரை குடிநீர், விமான நிலைய வாசலில் ஒரு நடை: இவை போதும். மிகவும் மிரளும் பூனைக்குப் பதற்றத்தை மட்டும் குறைக்கும் மருந்துகள் உண்டு, அவற்றை உங்கள் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்கவும் வேண்டும்.

பக், ஷிட்சு, புல்டாக், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்குப் பிராணிகளை வளர்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன். இவற்றின் மூச்சுப்பாதை பிறவியிலேயே குறுகியது. வெப்பத்திலும் பதற்றத்திலும் இவை மூச்சுத் திணறி இறக்க நேரிடுவதால் பல நிறுவனங்கள் இவற்றைச் சரக்கறையில் ஏற்பதே இல்லை. பயணிகள் அறையில் இடம் கிடைத்தால் மட்டும் அழைத்துச் செல்லுங்கள். மற்ற பிராணிகளுக்கும் சென்னையில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பகற்பயணம் கூடாது. விமானம் பறக்கும் நேரத்தைவிட, ஏற்றுவதற்காகத் தார்த் தரையில் கூண்டு காத்திருக்கும் நேரமே ஆபத்தானது.

பயணத்துக்கு முந்தைய பத்து நாளில் வருவது அரசுச் சான்று. மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்புச் சேவையின் சென்னை நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்து, இரண்டு பிராணிகளையும் நேரில் கொண்டு செல்ல வேண்டும். தடுப்பூசிப் புத்தகம், டைட்டர் அறிக்கை, பதிவு பெற்ற மருத்துவரின் உடல்நலச் சான்று, உங்கள் கடவுச்சீட்டு, டிக்கெட் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ஏற்றுமதிச் சான்று தருவார்கள். இதோடு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த மாதிரிப் படிவத்திலான விலங்கு நலச் சான்று வேண்டும். ஜெர்மனிக்குரிய படிவம் ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். அரசு மருத்துவ அதிகாரி கையொப்பமிட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் நீங்கள் எல்லையை அடைந்துவிட வேண்டும். விமானம் ரத்தானாலும் அந்தக் காலக்கெடு நீளாது என்பதால், சான்று வாங்கிய பிறகு நான்கைந்து நாளுக்குள் புறப்படுவதாகத் திட்டமிடுங்கள். பிராங்பர்ட்டில் இறங்கியதும், சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடாமல், அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் சென்று சுங்க அதிகாரியிடம் பிராணிகளைக் காட்டுங்கள். சிப்பைப் படித்து, தாள்களைச் சரிபார்த்து விட்டுவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் தனிமைப்படுத்தல் எதுவும் இல்லை.

ஜெர்மனியில் நாய் வளர்ப்புக்கு உள்ளாட்சி வரி உண்டு, மியூனிக்கில் ஆண்டுக்கு 100 யூரோ. பூனைக்கு வரி இல்லை. நாயால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு உரிமையாளரே முழுப் பொறுப்பு என்பதால், கட்டாயமில்லாத இடத்திலும் பொறுப்புக் காப்பீடு எடுத்துவிடுங்கள். மியூனிக் நகர ரயிலிலும் பேருந்திலும் ஆளுக்கொரு நாய் இலவசம், தொலைதூர ரயிலில் பெரிய நாய்க்கு டிக்கெட்டும் வாய்க்கூடும் வேண்டும். உண்மையான தலைவலி வாடகை வீடு. நாய், பூனைகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நேர்விலும் உரிமையாளரின் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும், மியூனிக்கில் ஒரு வீட்டுக்குப் பலர் போட்டியிடும்போது நாயில்லாதவருக்கே அது போய்ச்சேரும். ஆகவே நீங்கள் முன்னே சென்று வீடு பார்த்துவிட்டு, பிறகு வந்து பிராணிகளை அழைத்துச் செல்ல முடியுமானால் அதுவே சிறந்தது. ராட்வைலர் வைத்திருப்பவர்கள் மியூனிக் அமைந்துள்ள பவேரியா மாநிலத்தில் தங்கள் நாய் ஆபத்தற்றது என்று நிபுணர் சான்று பெற வேண்டும். பிட்புல் வகைகளை ஜெர்மனிக்குள் கொண்டுவரவே தடை இருக்கிறது.

லண்டன், மெல்போர்ன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவிலிருந்து நேராகச் செல்வதைவிட ஜெர்மனியிலிருந்து செல்வது உங்களுக்கு மிகவும் சாதகம். பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து போனால் இதே ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதக் காத்திருப்பும் வேண்டும், பூனையானாலும் விமானத்தில் சரக்காகவே நுழைய முடியும். ஜெர்மனியிலிருந்து போகும்போது பரிசோதனை கேட்கப்படாது, கடல்வழியாகவோ, ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் கார்களை ஏற்றிச் செல்லும் ரயிலிலோ உங்களோடே அழைத்துச் செல்லலாம். நாய்க்கு மட்டும் நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா இந்தியாவிலிருந்து நாய், பூனைகளை நேரடியாக ஏற்பதே இல்லை. ஜெர்மனி அதன் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறது, என்றாலும் அனுமதிச்சீட்டு, தனி டைட்டர் பரிசோதனை, 180 நாள் காத்திருப்பு, மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாம் மையத்தில் குறைந்தது 10 நாள் தனிமைப்படுத்தல் எல்லாம் உண்டு. பணிமாற்றம் பற்றிய பேச்சு தொடங்கும்போதே என்னைப் போன்ற ஒருவரை அணுகுங்கள்.

வந்து சேர்ந்த முதல் மாதத்தில்தான் பிராணிகள் அதிகம் தொலைகின்றன. நாயைக் கழுத்துப்பட்டையிலும் ஹார்னஸிலும் இரட்டை வாரிட்டு நடத்துங்கள். முயலைக் கண்ட சிப்பிப்பாறையை எந்தக் குரலும் நிறுத்தாது. குட்டை ரோமம் கொண்ட அதற்குக் குளிர்காலத்தில் மேற்சட்டையும் தேவை. பூனையைப் பல வாரம் வெளியே விடவே வேண்டாம். டாஸ்ஸோ என்னும் ஜெர்மன் பிராணிப் பதிவேட்டில் இரண்டின் சிப் எண்களையும் புதிய தொலைபேசி எண்ணோடு இலவசமாகப் பதிவு செய்யுங்கள், பதிவில்லாத சிப்பால் யாரும் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியப் பிராணிக் கடவுச்சீட்டு வாங்கி, டைட்டர் முடிவையும் அதில் பதியச் சொல்லுங்கள். ரேபிஸ் ஊசியை உரிய தேதிக்குள் தவறாமல் தொடர்ந்து போட்டுவந்தால் அந்த முடிவு வாழ்நாள் முழுவதும் செல்லும், சென்னைக்கு அழைத்துவந்து திரும்பும்போதும் மூன்று மாதக் காத்திருப்பு இராது. இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு மட்டும் மேற்சொன்ன மத்திய அரசுச் சேவையிடம் முன்கூட்டியே தடையில்லாச் சான்று பெற வேண்டும். ஊசித் தேதி ஒரு நாள் தவறினாலும் ஊசி, 30 நாள், ரத்தம், மூன்று மாதம் என்று எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த ஊசிக்குரிய தேதியை, அதற்கு ஒரு மாதம் முன்பாகவே நினைவூட்டும்படி, உங்கள் கைபேசியில் இப்போதே குறித்துவையுங்கள்.